நசரே மதிலில் என் சால்வை

புளியங்கூடலில் பஸ்ஸை விட்டு இறங்கினால் முதலில் கண்ணில் படுகிற கல்யாண மண்டபம் நான் கட்டியது. அதன் பின்னால் இருக்கிற நன்னீர்க் கிணறு நான் வெட்டுவித்தது. அந்த நிலத்தில் உவர்த்தண்ணீர்தான் வரும் என்று சொன்ன எஞ்சினியர் இப்போது கனடாவில் இருக்கிறார். கிணறு இங்கேயே இருக்கிறது. தென்னிலங்கையில் ஒரு கடை கட்டினேன், எரித்தார்கள். அதே இடத்தில் இன்னொன்று கட்டினேன், அதையும் எரித்தார்கள். மூன்றாவதைக் கட்டி, எரிக்க முன்னர் விற்றுவிட்டு ஊருக்கு வந்து எஞ்சின் படகு வாங்கினேன். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு ஆட்களையும் ஆடுகளையும் அரிசி மூட்டைகளையும் அதில் ஏற்றினேன். மற்றப் படகுகள் கட்டிக் கிடந்த சோளகக் காற்றிலும் என் படகு போனது. படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் பள்ளிக்கூடத்துக்கு வெளியேதான் நின்றேன்.

இவ்வளவையும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கடலைப் பற்றி எழுத இந்த ஆளுக்கு என்ன தெரியும் என்று பிறகு ஒருவரும் கேட்கக்கூடாது.

போர்த்துக்கலுக்கு நான் ஊர் பார்க்கப் போகவில்லை. பாரிசில் இருக்கிற என் மகள் வதனி ஒரு வேலையாக அனுப்பினாள். அவளுடைய ஒரே பிள்ளை ஆரணி, கட்டடங்களுக்குப் படம் கீறுகிற நல்ல உத்தியோகத்தை விட்டுவிட்டு, நசரே என்ற கடலோர ஊரில் போய் இருந்துகொண்டு ஒரு பலகையில் ஏறி நின்று பெரிய அலைகளில் சறுக்குகிறாள். பெரிய அலை என்றால் எங்கள் பக்கத்து அலை இல்லை. என் மண்டபத்தின்மேல் மண்டபம் வைத்து, அதன்மேலும் வைத்தால் வருகிற உயரம். போன வருடம் அவளோடு பழகிய ஒருவனுக்கு அதில் முதுகெலும்பு போய்விட்டது. தாய் அழுதும் கேட்கவில்லை, தகப்பன் பேசாமல் இருந்தும் கேட்கவில்லை.

"நீங்கள் சொன்னால்தான் கேப்பாள் அப்பா" என்றாள் வதனி. "உங்கட கதையளைக் கேட்டுத்தான் பிள்ளை பழுதாப்போனவள். நீங்களே போய் நிப்பாட்டுங்கோ."

சோளகத்துக்குள்ளே பிள்ளைத்தாச்சிப் பெண் ஒருத்தியை நெடுந்தீவிலிருந்து ஏற்றிவந்த கதையைத்தான் சொல்கிறாள். ஆரணி சின்னப் பிள்ளையாக இருந்தபோது போனில் அதைத் திரும்பத் திரும்பக் கேட்பாள். நானும் திரும்பத் திரும்பச் சொன்னேன். நல்ல கதை.

போவதற்கு முன் நயினாதீவு அம்மனிடம் போய், பிள்ளை முழுசாகக் கரைக்கு வந்தால் வெள்ளியில் நாகபடம் வைப்பதாக நேர்ந்துகொண்டேன். நிறுத்தச் சொல்லுகிற பேச்சை விமானத்தில் இருந்து யோசித்து முடித்தேன். இரண்டு தரம் வாய்க்குள்ளே சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பெண் தனக்குச் சொல்கிறேன் என்று நினைத்துத் தலையாட்டினாள்.

லிஸ்பனில் சுங்க உத்தியோகத்தர் என் பெட்டியைத் திறந்து, பனங்கிழங்கைப் பிளந்து காயவைத்த ஒடியலை எடுத்து மணந்து பார்த்தார். முறித்துப் பார்த்தார். இன்னொருவரைக் கூப்பிட்டு அவருக்கும் மணக்கக் கொடுத்தார். கடைசியில் நான் ஒரு துண்டைக் கடித்துக் காட்டினேன். அவர்கள் நான் மென்று விழுங்கும்வரைக்கும் காத்திருந்தார்கள். ஒடியல் தின்ன எவ்வளவு நேரம் எடுக்கும் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். எனக்குப் பின்னால் வரிசை நீண்டது.

பஸ் பயணத்தில் ஒரு சிறு பிசகு நடந்தது. இடையில் கோப்பி குடிக்க நிறுத்தினார்கள். நான் இறங்கி, அலுவலை முடித்துக்கொண்டு வந்து ஏறினேன். ஏறியது வேறு பஸ். அது என்னைக் கொண்டுபோய், எங்கள் மடு மாதா கோவில் மாதிரிச் சனம் முழங்காலில் போகிற ஒரு கோவில் வாசலில் இறக்கியது. ஆரணி தன் பழைய வானில் கூட்டிப்போக வரும்வரைக்கும் சும்மா நிற்கவில்லை. அவள் பேரில் ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன். அம்மன் கோவித்துக்கொள்ளமாட்டா. தூர இடத்துக்கு ஆள் வைப்பது எல்லாரும் செய்கிற காரியம்.

ஆரணி என்னைக் கட்டிப்பிடித்தபோது தோள் இரண்டும் மரக்கட்டை மாதிரி இருந்தன. காது ஓரத்தில் தையல் போட்ட தழும்பு. பேச்சைத் தொடங்கலாம் என்று வாயைத் திறந்தேன். "அம்மப்பா, பசிக்குதோ?" என்று கேட்டாள். பசித்தது. பேச்சைப் பிறகுக்கு வைத்தேன்.

அவள் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரி மரியா, என் வயது இருக்கும், கறுப்பு உடுப்புக்காரி. கடற்கரை மணலில் கம்பி வலைத் தட்டுகளில் மீனைப் பிளந்து காயவைத்து விற்கிறாள். ஊர்காவற்றுறையில் செய்கிற அதே வேலை. உப்புத்தான் காணாது. அதைச் சொன்னேன். ஆரணி மொழிபெயர்த்தாள். மரியா சொன்ன பதிலை மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள்.

ஆனால் அதற்குப் பிறகு எனக்கும் மரியாவுக்கும் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. அவள் பாண் என்றால் பாண்தான் வருகிறது. கதிரையைக் கதிரை மாதிரித்தான் சொல்கிறாள். மேசை, அலுமாரி, குசினி, சப்பாத்து எல்லாம் கொஞ்சம் மூக்கால் வருகிறதே தவிர நம்முடைய சொற்கள். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் வந்து கோட்டை கட்டியவர்கள், நல்ல சொற்களைப் பொறுக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். விஷயம் மறுபக்கம் என்று ஆரணி சொன்னாள். நான் வாதாடவில்லை. சுட்ட சாளை மீனும் அவித்த உருளைக்கிழங்கும் வந்தன. மிளகாய்த்தூள் நான் கொண்டுபோயிருந்தேன். மரியா தொட்டு நக்கிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி தொட்டாள். நல்ல பெண்.

அடுத்த நாள் கடல் தகடு மாதிரிக் கிடந்தது. இதற்கா இவ்வளவு கூத்து என்று கேட்டேன். ஆரணி என்னைக் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற மலைமுனைக்குக் கூட்டிப்போனாள். முனையில் ஒரு பழைய கோட்டை, அதன்மேல் சிவப்பு வெளிச்சவீடு. ஊர்காவற்றுறைக் கடற்கோட்டையைத் தூக்கி ஒரு மலையில் வைத்தால் இப்படித்தான் இருக்கும். அதன் மதிலில் நின்றுதான் எல்லாரும் அலை பார்ப்பார்கள்.

கடலுக்கடியில் ஒரு பெரிய பள்ளத்தாக்கு கரைக்குக் கிட்டவரை வருகிறதாம். எங்கோ நடுக்கடலில் அடித்த புயலின் அலை அந்தப் பள்ளத்தாலே சக்தி குறையாமல் வந்து, இந்த முனையில் திடீரென்று எழும்புகிறது. கையால் நீந்திப்போய் அதைப் பிடிக்க ஏலாது, அவ்வளவு வேகம். ஜெட் ஸ்கி ஒன்று கயிற்றில் இழுத்துக்கொண்டுபோய் அலைமேல் விடவேண்டும். விழுந்தால் அதே ஜெட் ஸ்கி, அடுத்த அலை வருகிறதுக்குள் தேடி எடுக்கவேண்டும். அதற்குள் எடுக்காவிட்டால் அடுத்தது தலைமேல் விழும். நுரைக்குள்ளே எஞ்சின் பிடிக்காது, தண்ணீரை இழுக்காமல் காற்றை இழுக்கும். கீழே நிற்கிறவனுக்கு நுரையைத் தவிர ஒன்றும் தெரியாது என்பதால் மதிலில் ஒருவன் வோக்கிடோக்கியோடு நின்று வழி சொல்வான். எல்லாவற்றையும் ஆரணி எனக்கு, சமையல் குறிப்புச் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

ஜெட் ஸ்கி ஓட்டுகிறவன் பெயர் ரூய். தாடிக்காரன், கை கொடுத்தால் எலும்பு நோகும். நான் எத்தனை பேரைக் கடலில் ஏற்றி இறக்கினேன் என்று அவனுக்குச் சொல்லச் சொன்னேன். ஆரணி சொன்னாள். அவன் தொப்பியைக் கழற்றினான். அவனை எனக்குப் பிடித்துக்கொண்டது.

மதிலில் நின்ற இரண்டு கிழவர்கள் என் வேட்டியைப் பார்த்துக்கொண்டே ஏதோ பேசினார்கள். என்னவென்று கேட்டேன். "கால் குளிராதோ எண்டு கேக்கினம்" என்றாள் ஆரணி. குளிர்ந்தது. அதைச் சொல்லவேண்டாம் என்றேன்.

அன்று பின்னேரம் முழுக்க மதிலில் நின்று கடலைப் பார்த்தேன். எல்லாரும் அலை எழும்புகிற இடத்தைப் பார்ப்பார்கள். படகு விட்டவனுக்குப் பயம் அலையில் இல்லை, பாறையில். முனையின் அடியில் கறுத்தப் பாறைகள். நுரை எங்கே விழுந்தாலும் கடைசியில் அந்தப் பக்கமாகத்தான் மெல்ல இழுபட்டு வந்தது. இதைப் பார்த்துவிட்டு, இரவுச் சாப்பாட்டில் பேச்சைத் தொடங்குவது என்று முடிவெடுத்தேன். மரியா கோழி சமைத்திருந்தாள். ஆரணி சாப்பிடாமல் போனில் காற்றின் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நாளைக்கு வருகுது" என்றாள். முகம் கோயிலுக்குப் போகிற பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது. பேச்சு மறுபடி வாய்க்குள்ளேயே நின்றது.

விடிய, வீடு அதிர்ந்தது. ஜன்னல் கண்ணாடி தன்பாட்டில் நடுங்கியது. மரியா குசினியில் நின்று சிலுவை போட்டாள். ஆரணி காற்று அடைக்கிற மேலங்கி ஒன்றைப் போட்டாள், செம்மஞ்சள் நிறம். இழுத்தால் ஊதும், ஆளை மேலே கொண்டுவரும். அதன்மேல் ஹெல்மெட். ஹெல்மெட்டுக்குள்ளே திருநீறு நிற்காது அம்மப்பா என்றாள். பூசினேன்.

மதிலடியில் திருவிழாச் சனம். கடலை நான் என்னவென்று எழுதுவது. எழுபது வருடமாகக் கடலைத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த கடல் கிடக்கும், புரளும், கோவம் வந்தால் அடிக்கும். இது எழும்பி நின்றது. நின்று, கொஞ்சம் யோசித்துவிட்டு விழுந்தது. விழுகிற சத்தம் காதால் வரவில்லை, காலால் வந்தது.

ரூய் அவளை இழுத்துவிட்டான். மலையிலிருந்து பார்க்க, சுவரில் போகிற ஒரு எறும்பு மாதிரி என் பேத்தி அந்த அலையில் இறங்கினாள். பின்னால் ஒரு வெள்ளைக் கோடு. அலை அவளுக்கு மேலே வளைந்தது, அவள் அதற்கு முன்னாலே, அதைவிட ஒரு முழம் வேகமாக. பக்கத்தில் நின்ற கிழவர்களில் ஒருவர் என் தோளைப் பிடித்து நெரித்தார். உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரம் நான் நிறுத்தச் சொல்ல வந்தவன் என்பது எனக்கு ஞாபகம் இல்லை.

பிறகு பலகை ஒரு தரம் துள்ளியது. அவள் இல்லை.

அலை விழுந்த இடம் முழுக்க வெள்ளை. ரூய் உள்ளே போனான், தேடினான், அடுத்த அலை வர வெளியே ஓடினான். மறுபடி போனான். வோக்கிடோக்கிக்காரன் அவள் விழுந்த இடத்தையே காட்டிக் கத்திக்கொண்டிருந்தான். எல்லாக் கண்ணும் அங்கே. நான் பாறையைப் பார்த்தேன். பாறைக்கு இந்தப் பக்கம், நுரையின் ஓரத்தில், செம்மஞ்சளாக ஒன்று ஒருதரம் தெரிந்து மறைந்தது. மறுபடி தெரிந்தது. பாறை கிட்ட.

கத்தினேன். தமிழில்தான் வந்தது. கதிரை, மேசை, அலுமாரி எதுவும் அந்த நேரத்துக்கு உதவாது.

எங்கள் படகுக்காரரிடம் ஒரு பழக்கம் உண்டு. ஆள் தண்ணீரில் விழுந்தால் படகில் நிற்கிறவனுக்குத் தெரியாது, துறையில் உயர நிற்கிறவனுக்குத் தெரியும். அவன் சால்வையையோ சாரத்தையோ கழற்றி, இரண்டு கையாலும் தலைக்குமேலே பிடித்து, ஆள் கிடக்கிற பக்கமாக வீசுவான். படகு அந்தப் பக்கம் திரும்பும். நெடுந்தீவுத் துறையில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். நசரேயில் ஒருவருக்கும் தெரியாது என்பது எனக்கு யோசனையில் வரவில்லை. மதிலில் ஏறினேன். சால்வையை உருவிப் பாறைப்பக்கமாக வீசினேன்.

ஒரு பொலிஸ்காரர் வந்து என் இடுப்பைப் பிடித்தார். நான் அவரை உதறினேன். அவர் வேட்டியைப் பிடித்தார். வேட்டிக்குள்ளே மகள் வாங்கித் தந்த கம்பளிக் காற்சட்டை இருந்தது நல்லதாய்ப் போயிற்று. இன்னொருவர் வந்து காலைப் பிடித்தார். நான் சால்வையை விடவில்லை.

அப்போது ரூய் நிமிர்ந்து பார்த்தான். ஜெட் ஸ்கியைத் திருப்பினான். முனையை நோக்கி, பாறையை நோக்கி நேரே வந்தான். வந்தவன் செம்மஞ்சளைக் கண்டான். கழுத்துப் பட்டியில் பிடித்து இழுத்துப் பின்னால் போட்டுக்கொண்டு, அடுத்த அலை பாறையில் விழ முன்னர் வெளியே போனான்.

சனம் கைதட்டியது. பொலிஸ்காரர் என்னை இறக்கி, வேட்டியைத் தந்து, உடுக்கும்வரை மற்றப்பக்கம் திரும்பி நின்றார்.

ஆஸ்பத்திரியில் விலா எலும்பில் வெடிப்பு என்றார்கள், ஒரு காதின் சவ்வு கிழிந்திருக்கிறது என்றார்கள். ரூய் வாசலில் நின்று ஆரணியிடம் நெடுநேரம் பேசினான். அவள் சிரிக்க முயன்று விலாவைப் பிடித்துக்கொண்டாள். என்னவாம் என்று கேட்டேன். மதிலிலிருந்து யாரோ ஒரு கிழவன் கடலுக்குள் குதிக்கப்போகிறான், பொலிஸ் பிடிக்கிறது, கை நழுவி விழுந்தால் எடுக்கவேண்டுமே என்றுதான் அந்தப் பக்கம் வந்தானாம்.

அவன் என்ன நினைத்து வந்தான் என்பது அவனுடைய விஷயம். சால்வையைப் பார்த்து வந்தான்.

அவன் போனபின் ஆரணி கட்டிலில் சரிந்து இருந்துகொண்டு, "நிப்பாட்டச் சொல்லத்தானே வந்தனீங்கள்?" என்றாள்.

"ஓம்."

"சொல்லுங்கோவன்."

கீழே எப்படி இருந்தது என்று கேட்டேன்.

இருட்டு என்றாள். எது மேல், எது கீழ் என்று தெரியாது. கையையும் காலையும் தனித்தனியே யாரோ கழற்றப் பார்க்கிற மாதிரி இருக்கும். திமிறக்கூடாது, உதறக்கூடாது, உதறினால் மூச்சு முடிந்துவிடும். "தண்ணி தானா விடும் அம்மப்பா. விடுமட்டும் சும்மா கிடக்கவேணும். நான் சும்மா கிடந்தனான்."

நான் என் சீவியத்தில் ஒருநாளும் சும்மா கிடந்ததில்லை. கடை எரிந்தபோது கிடக்கவில்லை, படகு புரண்டபோது கிடக்கவில்லை. உதறித்தான் வந்தேன். எனக்கு ஏலாத ஒன்றை இந்தப் பிள்ளை செய்துவிட்டு, கஞ்சி குடித்துக்கொண்டிருந்தது. இவளை எந்த வாயால் நிறுத்தச் சொல்வது.

"மதிலிலை ஒரு ஆள் காணாது மோனை" என்றேன். "ஒருத்தன் அலையைப் பாக்கட்டும். மற்றவன் பாறையை மட்டும் பாக்கவேணும். கையிலை வெள்ளைச் சீலை. அதுக்குச் சம்மதம் எண்டால் போ. காதுக் காயம் மாறினாப்பிறகு."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஓம் என்றாள். எப்படி வீசுவது என்று ஆஸ்பத்திரித் துவாயால் காட்டிக்கொடுத்தேன். தாதி வந்து துவாயை வாங்கிக்கொண்டு போனாள்.

மகளுக்குப் போனில், பிள்ளை வழுக்கி விழுந்துவிட்டாள் என்று மட்டும் சொன்னேன். பொய் இல்லை.

நேர்த்தி வைத்தது வைத்ததுதான். நயினாதீவுத் திருவிழாவுக்கு வதனியும் ஆரணியும் வந்தார்கள். குறிகட்டுவானில் படகேறினோம். கடலில் சொல்லத்தக்க அலை இல்லை, சட்டியில் தண்ணீர் ஆடுகிற அளவுதான். கீழ்த்தட்டில் டீசல் புகை, சாம்பிராணி, மல்லிகைப்பூ, வியர்வை. பாதிவழியில் ஆரணி, மலையளவு அலையில் நின்ற பிள்ளை, ஒரு சொப்பிங் பைக்குள் வாயை வைத்துக்கொண்டு குனிந்துவிட்டாள். பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் மணக்கத் தேசிக்காய் கொடுத்து, கடல் பழக்கமில்லைப் போல என்று இரங்கினார்.

வதனி ஒரு கையால் மகளின் தலையைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். எழும்பிப் போக ஏலாத இடம் பார்த்துத்தான் அவள் எதையும் கேட்பாள். போனில் நசரே. ஆரணியின் அலை, அவள் விழுந்தது, நுரை, ரூய், எல்லாம் இருந்தது. முடிவில் வரிசையாகப் பெயர்கள் போயின. சறுக்கியவர், ஜெட் ஸ்கி ஓட்டியவர், வோக்கிடோக்கியில் நின்றவர், கமரா பிடித்தவர், கோப்பி கொடுத்த கடைக்காரர். கடைசியில் ஒரு வரி. அதை ஆரணி பையிலிருந்து தலை எடுக்காமலே மொழிபெயர்த்தாள். மதிலில் இரண்டாவது காவலாளை வெள்ளைத் துணியோடு நிறுத்துவது எங்கள் குழு கண்டுபிடித்த புதிய பாதுகாப்பு முறை.

"நிப்பாட்டச் சொல்லி அனுப்பினனான்" என்றாள் வதனி. "நீங்கள் சீலை வீசப் பழக்கிப்போட்டு வந்திருக்கிறியள். அவள் அடுத்த மாரிக்கும் போறாளாம். எல்லாம் உங்களாலைதான் அப்பா. துவக்கத்திலை இருந்து எல்லாம் உங்களாலைதான்."

"அதைத்தான் நானும் சொல்லுறன்" என்றேன். "எழுத்திலை போடச் சொல்லு."

அவள் போனை மடியில் வைத்துவிட்டுக் கடலைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். இல்லை. வெள்ளி நாகபடத்தை அம்மனிடம் கொடுத்தபோதும் அவள் வாயைப் பொத்திக்கொண்டுதான் நின்றாள்.

அந்த வீடியோவை நான் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ரூய் திரும்புகிற இடத்தில், வெளிச்சவீட்டுக்குக் கீழே, வெள்ளையாக ஒரு பொட்டு ஆடுகிறது. கடற்பறவை என்று யாரும் நினைக்கலாம். பறவை அல்ல. ஆகவே அந்த வீடியோவைச் செய்தவர்களுக்கு இதன்மூலம் தெரிவிப்பது என்னவென்றால், கோப்பிக் கடைக்காரருக்கு மேலே ஒரு வரி சேர்க்கவேண்டும்: மதிலில் சால்வை, புளியங்கூடல் வே. சின்னராசா. பிள்ளை கடலுக்குப் போனதற்கு நான்தான் காரணம் என்று என் குடும்பம் முழுக்க ஒத்துக்கொண்டிருக்கிறது. அப்படியென்றால் பிள்ளை கரைக்கு வந்ததற்கும் என் பெயரைத்தான் போடவேண்டும். முதலெழுத்தை விடவேண்டாம். ஊரில் இன்னொரு சின்னராசா இருக்கிறார். அவர் தானென்று சொல்லிக்கொண்டு திரிவார்.